புது ஆக்சிஜன் சென்சார் மாட்டியும் செக் என்ஜின் லைட் அணையவில்லையா?

மதுரை பழங்காநத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மச்சான் போன் பண்ணினார். "மாப்ள, சென்சாரு மாத்தியாச்சு, லைட்டு அணைய மாட்டேங்குது. வண்டி வேற பெட்ரோல் நாத்தம் அடிக்குது." யார் மாட்டியது என்று கேட்டேன். அவரேதான், வில்லாபுரம் வீட்டு வாசலில், கலருக்குக் கலர் பார்த்துச் சேர்த்து, சுத்தமாக டேப் சுற்றி. கலருக்குக் கலர் என்றதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

ஆக்சிஜன் சென்சார் என்பது புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, என்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியுவிடம் சொல்லும் சாமான். கம்பெனி சென்சாரின் விலையைக் கேட்டு அரண்டுபோய், கப்ளர் (வண்டி ஒயரோடு செருகும் பிளக்) இல்லாமல் வெறும் நாலு ஒயரோடு வரும் யுனிவர்சல் சென்சாரை வாங்குகிறவர்கள் இப்போது நிறைய. வாங்குவதில் தப்பே இல்லை. எனக்குக் கம்பெனி விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்தது, நாலாவது வருஷமாக ஓடுகிறது. பழைய சென்சாரின் ஒயரைக் கப்ளரோடு வெட்டி எடுத்து, அந்தக் கப்ளரைப் புது சென்சாரில் ஒட்டுப்போட வேண்டும். கோளாறு எல்லாம் அந்த ஒட்டில்தான் வருகிறது, சென்சாரில் வருவது குறைவு. அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் ஒட்டைச் சந்தேகப்படுங்கள், கடைக்காரரைத் திட்டுவது கடைசியில்.

கையில் இருக்க வேண்டியவை ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், வண்டியின் கோளாறு எண்களை (பி0135 மாதிரி கோட்) படித்து, போனோடு ப்ளூடூத்தில் பேசும் ஒரு ஓபிடி ஸ்கேனர், அவ்வளவுதான். டெஸ்ட் லாம்ப் வைத்து சிக்னல் ஒயரைத் தொட வேண்டாம். சென்சார் தருவது ஒரு வோல்ட்டுக்கும் குறைவு, பல்பைச் செருகினால் அது அப்படியே படுத்துவிடும்.

முதலில் கலர் விவகாரம்

நாலு ஒயரில் இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சிக்னல், ஒன்று சிக்னலுக்கான எர்த். பாஷ், என்டிகே சென்சார்களில் பொதுவாக இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். டென்சோவில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். டெல்ஃபை என்றால் இரண்டு பிரவுன் ஹீட்டர், ஊதா சிக்னல், வெளிறிய பழுப்பு எர்த்.

இப்போது மச்சான் செய்ததைப் பாருங்கள். பழையது இரண்டு கறுப்பு, ஒரு நீலம், ஒரு வெள்ளை. புதுசு இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு சாம்பல். கறுப்பைக் கறுப்போடு சேர்த்தார், வெள்ளையை வெள்ளையோடு சேர்த்தார், மிச்சத்தை மனசுக்குத் தோன்றியபடி சேர்த்தார். ஹீட்டருக்கு வரும் 12 வோல்ட் நேராகப் புது சென்சாரின் சிக்னல் ஒயரில் போய் நின்றது. ஹீட்டரின் ஒரு முனையோ எர்த்தில் போய்ப் படுத்துக்கொண்டது, அதற்குக் கரண்டே இல்லை. ஈசியு தப்பியது அவர் செய்த புண்ணியம். சென்சார் போச்சு, சைலன்சர் சூடில் உள்ளே இருந்த சிர்க்கோனியா என்ற பீங்கான் கடத்த ஆரம்பித்ததும் அந்த 12 வோல்ட் அதைத் தின்றுவிட்டது.

ஆகவே கலரை நம்பி ஒட்டாதீர்கள், பெட்டியில் வரும் அட்டவணையை மட்டும் நம்பியும் ஒட்டாதீர்கள், அளந்துவிட்டு ஒட்டுங்கள். சென்சார் பக்கம் ஒரே கலரில் இரண்டு இருப்பதுதான் ஹீட்டர், அவற்றுக்கு நடுவே மீட்டரில் ஓம் பாருங்கள், குளிர்ந்த நிலையில் 3-லிருந்து 15 ஓமுக்குள் ஏதோ ஒன்று காட்டும். மற்ற இரண்டில் ஓம் வைத்து அளக்க வேண்டாம். ஹீட்டர் ஒயர் இரண்டையும் எப்படி மாற்றிப் போட்டாலும் பரவாயில்லை, அதற்குத் திசை கிடையாது. சிக்னலுக்கும் எர்த்துக்கும் திசை உண்டு, அங்கேதான் கவனம்.

வண்டி பக்கத்துக் கப்ளரில், சாவியை ஆன் செய்து, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள். ஒன்றில் 12 வோல்ட் வரும், அது ஹீட்டர் சப்ளை. சில வண்டிகளில் என்ஜின் ஓடினால்தான் அந்த ரிலே பிடிக்கும், அதனால் சாவி ஆனில் வரவில்லை என்று பதற வேண்டாம். பல வண்டிகளில் சிக்னல் பின்னில் 0.45 வோல்ட் மாதிரி காட்டும், ஈசியு அப்படித் தூக்கி வைத்திருக்கும். சாவியை அணைத்துவிட்டு எர்த்தோடு ஓம் பார்த்தால் கிட்டத்தட்ட சுழியம் காட்டுவது சிக்னல் எர்த். மிச்சம் இருப்பது ஹீட்டரின் மறுமுனை, ஈசியு அதைத்தான் எர்த்தோடு சேர்த்தும் விட்டும் சூட்டை அடக்குகிறது.

சில வண்டிகளில் சிக்னல் எர்த்தையும் கொஞ்சம் வோல்ட்டேஜில் தூக்கி வைத்திருப்பார்கள். அதனால் "எர்த் எங்கே அடித்தால் என்ன" என்று பாடியில் ஒரு போல்ட்டில் மாட்டிவிடுவது கூடவே கூடாது.

ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே லைட் வருகிறது: பி0135, பின் சென்சார் என்றால் பி0141

ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று ஈசியு சொல்கிறது. (முன் சென்சார் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு, அதாவது புகையைச் சுத்தம் செய்யும் டப்பாவுக்கு, முன்னால் இருப்பது, பின் சென்சார் அதற்குப் பின்னால் இருப்பது.) சென்சார் ஏறக்குறைய 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும், ஐடிலில் நிற்கும்போது சைலன்சர் சூடு மட்டும் அதற்குப் போதாது, அதற்காகத்தான் ஹீட்டர்.

முதலில் ஃப்யூஸ். சிரிக்காதீர்கள், புது ஒயர் ஒட்டும்போது பேட்டரியைக் கழற்றாமல் வெட்டியிருந்தால் கட்டிங் பிளையர் இரண்டு ஒயரை ஒரே நேரத்தில் கடித்து ஃப்யூஸ் போயிருக்கும். அந்த ஃப்யூஸில் பெரும்பாலும் வேறு சில சாமான்களும் சேர்ந்தே ஓடும், அதனால் ஒரு லைட்டோடு நிற்காமல் வண்டி ஏதேதோ புகார் சொல்லும். ஃப்யூஸ் சரி என்றால் கப்ளரைக் கழற்றி, ஒட்டுப்போட்ட ஒயர் வழியாகவே ஹீட்டர் ஓமை அளங்கள். ஒட்டுக்கு முன்னால் 9 ஓம் காட்டியது இப்போது ஒன்றுமே காட்டவில்லை என்றால் கிரிம்ப் (ஒயரைக் கனெக்டருக்குள் வைத்து நசுக்கிய ஒட்டு) பிடிக்கவில்லை.

ஓமும் சரி, 12 வோல்ட்டும் வருகிறது, ஆனாலும் கோட் போக மாட்டேன் என்கிறது என்றால் இன்னொரு காரணம் உண்டு, இது மலிவு சென்சாரின் தனி வியாதி. சில ஈசியுக்கள் ஹீட்டர் இழுக்கும் கரண்டை அளக்கும். பழைய சென்சாரின் ஹீட்டர் 6 ஓம், புதுசு 14 ஓம் என்றால் கரண்டு பாதிக்கும் கீழே விழும், ஈசியு அதை உடைந்த ஹீட்டர் என்று முடிவு கட்டிவிடும். இதற்கு ஒயரிங்கில் மருந்து இல்லை. பழையதன் ஹீட்டர் உயிரோடு இருந்தால் அதன் ஓமை அளந்து வைத்துக்கொண்டு அதற்கு நெருக்கமானதைக் கேட்டு வாங்குங்கள், இதைக் காசு கொடுக்கும் முன்னாலேயே செய்திருக்கலாம்.

ஸ்கேனரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறது: பி0132

சிர்க்கோனியா சென்சார் சொந்தமாக ஒரு வோல்ட்டைத் தாண்டுவதில்லை. காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் கூடி அடர்ந்தால் 0.9 பக்கம், குறைந்து மெலிந்தால் 0.1 பக்கம், நடுவில் 0.45-ல் தாண்டும். 1.2, 1.5 என்று பார்த்தால் வெளியில் இருந்து கரண்டு உள்ளே நுழைகிறது என்று அர்த்தம், வேறு யோசனையே வேண்டாம். ஹீட்டர் ஒயரும் சிக்னல் ஒயரும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன, இல்லை கப்ளருக்குள் தண்ணீர், இல்லை மச்சான் கதை.

நாலு ஒட்டையும் ஒரே இடத்தில் போட்டால் இப்படித்தான் நடக்கும். ஒரு ஒயரை மற்றதைவிட ஒன்றரை அங்குலம் குட்டையாக வெட்டி, படிக்கட்டு மாதிரி தள்ளித் தள்ளி ஒட்டுங்கள். பக்கத்தில் பக்கம் வராது, மேலே ஸ்லீவ் போட்டாலும் கழுத்து வீங்கிய மாதிரி இருக்காது. சாதா இன்சுலேஷன் டேப் சைலன்சர் சூட்டில் ஒரு மாதத்தில் உருகிப் பிசுபிசுக்கும், மதுரை வெயிலில் அதற்கும் முன்பே. சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ், உள்ளே பசை இருக்கிற ரகம், அதைப் போடுங்கள்.

சிக்னல் அடியிலேயே கிடக்கிறது, வண்டி பெட்ரோல் குடிக்கிறது: பி0131

இந்த ஒன்றை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் காசு கரையும். சென்சார் 0.05, 0.1 என்று காட்டிக்கொண்டே இருந்தால் ஈசியு "கலவை மெலிந்திருக்கிறது" என்று நம்பி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் என்று இருக்கும், அது பத்து, பதினைந்து, இருபது சதவீதம் என்று ஏறிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். நிஜத்தில் கலவை அடர்ந்து கிடக்கிறது, சைலன்சர் முனையில் விரல் விட்டால் கண்மை மாதிரி கரி, பின்னால் நின்றால் கண் எரிகிறது, பொல்யூஷன் சென்டருக்குப் போனால் கார்பன் மோனாக்சைடு எண்ணைப் பார்த்து அந்தப் பையன் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறான். பிஎஸ்-4 புகை விதிப்படி செய்த பெட்ரோல் காருக்கு ஐடிலில் 0.3 சதவீதம்தான் எல்லை, இந்த நிலையில் அதெல்லாம் எட்டாத கனி. இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வெந்துபோகும், அப்புறம் சென்சாரில் மிச்சம் பிடித்த காசு என்ன மூலைக்கு?

காரணம் இரண்டுதான் பெரும்பாலும். ஒன்று, சிக்னலும் எர்த்தும் இடம் மாறியிருக்கும். சென்சார் 0.8 தரும்போது ஈசியுவுக்கு அது தலைகீழாக, மைனஸ் 0.8 ஆகப் போகிறது, ஈசியு அதைச் சுழியம் என்று எடுத்துக்கொள்கிறது. என்ஜினைச் சூடாக்கி, கப்ளரின் பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்து, சிவப்பை சிக்னலிலும் கறுப்பை சிக்னல் எர்த்திலும் வையுங்கள். ஆக்சிலேட்டரை ஒரு வெட்டு வெட்டினால் மைனஸ் குறியோடு எண் தாவுகிறதா? இடம் மாற்றி ஒட்டுங்கள், முடிந்தது வேலை. சென்சார் சாகவில்லை.

இரண்டாவது, சென்சாருக்கு முன்னால் சைலன்சரில் ஓட்டை. மேனிஃபோல்டு கேஸ்கெட் பக்கம் சின்ன இடைவெளி இருந்தாலும் போதும், புகை துடித்துத் துடித்துப் போகும்போது நடுவில் வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும், அந்தக் காற்றில் இருக்கிற ஆக்சிஜனை முகர்ந்துவிட்டு சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, நாம்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். குளிர்ந்த என்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து காதை வையுங்கள், டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும், சூடானதும் உலோகம் விரிந்து அடங்கிவிடும். சென்சாரையே சரியாக முறுக்காமல் விட்டிருந்தாலும் இதே கதை. அந்த மரை பெரும்பாலான கார்களில் 18 மில்லிமீட்டர், 22 நம்பர் ஸ்பேனர். புது சென்சாரின் மரையில் சாம்பல் பசை ஏற்கெனவே பூசியே வரும், அதைத் துடைக்காதீர்கள், வேறு பசையை எடுத்து மூக்கில் (புகைக்குள் நீட்டி நிற்கும் நுனியில்) படும்படி பூசவும் வேண்டாம்.

0.45-லேயே உறைந்து நிற்கிறது: பி0134

சென்சார் ஒன்றுமே பேசவில்லை, ஈசியு தான் வைத்த எண்ணைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறது. சிக்னல் ஒயர் அறுந்திருக்கும், அல்லது ஒட்டுப் பிடிக்கவில்லை.

ஈயம் வைத்துப் பற்றவைத்தவர்கள் இங்கே நில்லுங்கள். எங்கள் ஏரியாவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், அவர் சால்டரிங் பார்த்தால் நகைப் பத்தரே வெட்கப்படுவார், ஆனால் இந்த ஒயருக்கு அவரிடம்கூட போகாதீர்கள். சென்சார் வேலை செய்ய வெளியே இருக்கிற நல்ல காற்று அதன் உள்பக்கத்துக்குப் போக வேண்டும், உள்ளே ஓடும் புகையோடு அதை ஒப்பிட்டுத்தான் வோல்ட்டேஜ் வருகிறது. பல சென்சார்களில் அந்தக் காற்று போகும் வழியே ஒயருக்குள் இருக்கிற நரம்புகளின் இடைவெளிதான். ஈயமும் அதன் பிசினும் அந்த இடைவெளியை அடைத்துவிடும், சென்சாருக்கு மூச்சு முட்டும். சில நாள் நன்றாக ஓடி, அப்புறம் மெல்ல மெல்ல எண் இறங்கும், யாருக்கும் காரணம் புரியாது. கிரிம்ப் செய்யும் பட் கனெக்டர், சரியான அளவில், சரியான பிளையரால் அழுத்தி, இழுத்துப் பார்த்து வராவிட்டால் போதும். அதே காரணத்துக்காகக் கப்ளரில் கிரீஸ், கான்டாக்ட் கிளீனர், டபிள்யூடி-40 எதையும் அடிக்க வேண்டாம்.

எண் ஆடுகிறது, ஆனால் சோம்பேறியாக: பி0133

நன்றாகச் சூடான என்ஜினை 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் முன் சென்சார் நொடிக்கு ஒருமுறையாவது மேலும் கீழும் தாண்ட வேண்டும். ஐந்தாறு நொடிக்கு ஒருமுறை தாண்டுகிறது என்றால் மூக்கு அழுக்கு, இல்லை சரக்கு போலி. கழற்றிப் பாருங்கள். கறுப்புக் கரி என்றால் அடர்ந்த கலவை. வெள்ளை மாவு மாதிரி என்றால் சிலிகான், யாரோ கேஸ்கெட்டுக்கு சாதா சிலிகான் பசையைத் தாராளமாகத் தடவியிருக்கிறார்கள். இதைச் சுத்தம் செய்து மீட்க முடியாது, காரணத்தை எடுக்காமல் அடுத்ததைப் போட்டால் அதுவும் போகும்.

பின் சென்சாரை மாற்றினேன், பி0420 வருகிறது

பின் சென்சார் ஆடவே கூடாது, 0.6, 0.7 என்று அமைதியாக நிற்க வேண்டும். முன்னது மாதிரியே அதுவும் ஆடினால் கேட்டலிட்டிக் வேலை செய்யவில்லை என்று ஈசியு சொல்கிறது, புது சென்சார் அதை மறைக்காது. இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரலில் ஓபிடி-2 கட்டாயமான பிறகு இந்தப் பரிசோதனை அந்தக் கார்களில் வந்துவிட்டது. நடுவில் ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் போட்டு ஏமாற்றுகிற வேலையைச் சிலர் சொல்லித் தருவார்கள், நான் சொல்லித் தர மாட்டேன்.

எப்படி ஒட்டினாலும் ஒத்துவராத வண்டி

நாலு ஒயர் இருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைக்காதீர்கள். ஐந்து, ஆறு ஒயர் என்றால் வைட்பேண்டு, அங்கே இந்த யுனிவர்சல் சமாச்சாரம் செல்லாது. ஏர் ஃப்யூயல் சென்சார் என்று சொல்லப்படும் சில ரகம் நாலு ஒயரோடே வரும், பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், குணம் வேறு. டைட்டானியா சென்சார் வோல்ட்டேஜே தராது, தடையைத்தான் மாற்றும். பழைய சென்சாரின் மேல் அடித்திருக்கிற நம்பரைக் கடையில் காட்டி, எந்த ரகம் என்று உறுதி செய்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மழை பெய்தால் வருகிறது, பள்ளத்தில் விழுந்தால் வருகிறது

இது ஒட்டு அல்லது ஒயர் ஓடும் பாதை. எல்லாம் சரி செய்தபின் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி மாட்டி, அல்லது ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்துவிட்டு, ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். நான் நத்தம் ரோடு மேம்பாலத்தில்தான் ஓட்டுவேன், ஏழு கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் ஒரே வேகத்தில் போகலாம், பக்கத்தில் ஆள் உட்கார்ந்து போனில் எண்ணைப் பார்க்கலாம். அப்புறம் இறங்கி வேண்டுமென்றே மேடு பள்ளமான ரோட்டில் ஒரு சுற்று. மேம்பாலத்தில் சரி, பள்ளத்தில் கோளாறு என்றால் ஒயர் இறுக்கமாக இழுபட்டிருக்கிறது. ஆக்சிலேட்டரை வெட்டும்போது என்ஜின் ஒரு பக்கம் சாயும், அதற்கு இடம் விட்டு, சைலன்சரைத் தொடாதபடி பழைய கிளிப்பிலேயே கட்ட வேண்டும்.

மச்சான் வண்டியில் இரண்டாவது சென்சார் மாட்டி, அளந்து ஒட்டி, லைட் அணைந்து, மூன்று வாரம் நிம்மதி. நாலாவது வாரம் மறுபடி போன். போய் பானெட்டைத் திறந்தால் ஒட்டுக்கு இரண்டு விரல் தள்ளி ஒயர் தோல் கடிபட்டு, உள்ளே கம்பி பளபளக்கிறது, பக்கத்தில் பேட்டரி மேல் நாலு எலிப் புழுக்கை. அக்கா உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "அங்கிட்டு மாட்டுத் தீவனம் மூட்டைய வைக்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள். மூட்டையை இடம் மாற்றினோம், கடிபட்ட ஒயரை வெட்டி ஒரு கிரிம்ப் போட்டோம், மேலே பின்னல் கம்பி உறை ஒன்றை ஏற்றினோம்.